பீனிக்ஸ் டவுன் வேலை செய்யாத இடம்

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., ஃபைனல் ஃபேண்டஸி என்னும் ஜப்பானிய வீடியோ கேம் வரிசையில் ரசிகர்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று நடத்திய வாக்கெடுப்பின் முடிவுகளை ஒரு தனி நிகழ்ச்சியாகவே வெளியிட்டது. நான்கரை லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்திருந்தன. பத்தாம் பாகம் முதலிடத்தையும், ஏழாம் பாகம் இரண்டாம் இடத்தையும், ஆறாம் பாகம் மூன்றாம் இடத்தையும் பிடித்தன. நான் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஐந்தாம் பாகம் ஆறாவதாக வந்தது. 1992இல் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் கருவியில் வந்த ஒரு கேமுக்கு அது கௌரவமான இடம்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை என்பதால் இந்தக் கட்டுரை.

இந்த வரிசையில் எது சிறந்தது என்ற பஞ்சாயத்து தீராமல் இருப்பதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு எண்ணிட்ட பாகமும் முந்தையதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கைவிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதாகும். 1987 டிசம்பரில் ஹிரோநொபு சகாகுச்சியின் தலைமையில் முதல் பாகம் வந்தது. அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகத்தில் உலகம், மனிதர்கள், போர் விதிகள், பாத்திரங்கள் வளரும் முறை எல்லாமே வேறு. சோகோபோ பறவை, மூகிள் என்னும் குட்டிப் பிராணி, சிட் என்ற பெயரில் ஒருவர், சில மந்திரப் பெயர்கள், நொபுவோ உவேமட்சுவின் சில மெட்டுகள் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடியவை மட்டுமே தொடர்ந்து வருகின்றன. ஆகவே உனக்கு எந்தப் பாகம் பிடிக்கும் என்று ஒருவரைக் கேட்பது, ஒரு கேமிடம் நீ எதை எதிர்பார்க்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். முதலில் விளையாடியதுதான் கடைசிவரை பிடிக்கும் என்று சொல்லி விவாதத்தை முடித்துவைக்க முயல்பவர்கள் உண்டு. அது உண்மையாக இருந்தால், ஏழாம் பாகத்தில் தொடங்கிய பெருங்கூட்டத்திலிருந்து இத்தனை ஆறாம் பாகப் பித்தர்கள் எப்படி வந்தார்கள்?

என் அளவுகோல் வேறு. ரோல் பிளேயிங் கேம் என்பது எண்களால் ஆனது: உயிருக்கு ஹெச்.பி., மந்திரத்துக்கு எம்.பி., அனுபவத்துக்கு லெவல். பெரும்பாலான கேம்களில் கதை ஒரு பக்கமும் எண்கள் ஒரு பக்கமுமாகப் போகின்றன. போர் முடிந்தால் காட்சி, காட்சி முடிந்தால் போர். அரிதாகச் சில இடங்களில் மட்டும் அந்த எண்களே கதையைச் சொல்லத் தொடங்கும். வசனம் சொல்ல வேண்டியதை ஒரு விதி சொல்லிவிடும், அல்லது ஒரு விதி உடைவது சொல்லிவிடும். அத்தகைய இடங்கள் எந்தப் பாகத்தில் ஆழமாகவும் அடிக்கடியும் வருகின்றனவோ, அதுவே எனக்குச் சிறந்த ஃபைனல் ஃபேண்டஸி.

இதன் முதல் தெளிவான அடையாளம் 1991இல் வந்த நான்காம் பாகத்தில் கிடைக்கிறது. மகளைப் பறிகொடுத்த முதிய மந்திரவாதி டெல்லா, கோல்பேஸைப் பழிவாங்குவதற்காக மீடியோ என்னும் பெருமந்திரத்தைக் கற்கிறார். அந்த மந்திரத்துக்கு 99 எம்.பி. வேண்டும். அவருடைய எம்.பி. உச்சவரம்போ 90. நீங்கள் எத்தனை மணி நேரம் லெவல் ஏற்றினாலும் அது 90ஐத் தாண்டாது. கூடுதலாக, அவர் லெவல் உயரும்போது உடல்வலிமை சார்ந்த எண்கள் ஏறுவதற்குப் பதிலாக இறங்குகின்றன. முதுமை என்ற சொல்லை எங்குமே உச்சரிக்காமல் ஒரு பட்டியல் அதைச் சொல்லிவிடுகிறது. மெனுவில் மீடியோ மங்கலாகக் கிடக்கும், தேர்ந்தெடுக்க முடியாது. பின்னர் கோல்பேஸுக்கு எதிரே நிற்கும்போது, இல்லாத அந்த ஒன்பதையும் தன் உயிரிலிருந்து ஈடுகட்டி அவர் அதைப் பிரயோகித்துச் சாகிறார். திரைக்கதை எழுதியவரும் எண்களைப் போட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் மட்டுமே அமையக்கூடிய காட்சி இது.

ஆனால் நான்காம் பாகம் தன் கையில் இருந்ததைத் தானே வீணடித்துவிட்டது. இரட்டையர்களான பாலமும் போரமும் நகரும் சுவர்களைத் தடுக்கத் தம்மைத் தாமே கல்லாக்கிக்கொள்ளும்போது, டெல்லா அதை நீக்க மந்திரம் போட்டுப் பார்க்கிறார். விருப்பத்தோடு கல்லானவர்களை அது மீட்காது. விளையாடுபவரின் மனம் அங்கே உடைகிறது. பிறகு கதையின் பிற்பகுதியில் இரட்டையர் திரும்பி வருகிறார்கள், வெடித்துச் செத்ததாக நினைத்த யாங் திரும்பி வருகிறார், குண்டோடு குதித்த சிட் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். டெல்லா ஒருவர்தான் போனது போனதுதான். இத்தனை பேர் மீண்ட பிறகு அவருடைய சாவுகூடச் சற்று இளைத்துத்தான் போகிறது.

அடுத்த ஆண்டு வந்த ஐந்தாம் பாகம் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. இதைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் முதலில் பாத்திரங்களுக்கு நாமே தொழிலை மாற்றித் தரும் ஜாப் முறையைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதும்தான். அசல் பதிப்பில் 22 ஜாப்கள். ஒரு ஜாப்பில் கற்ற திறமையை இன்னொரு ஜாப்பில் செருகிக்கொள்ளலாம் என்பதால், வெள்ளை மந்திரம் தெரிந்த நிஞ்சா, இரண்டு கையிலும் வாளேந்திய மந்திரவாதி என்று யாரும் எதிர்பாராத கலவைகள் பிறக்கின்றன. புளூ மேஜ் என்ற ஜாப் எதிரியிடம் அடிவாங்கித்தான் எதிரியின் வித்தையைக் கற்கும். அப்படிக் கற்கும் வித்தைகளில் ஒன்று, லெவல் ஐந்தால் மீதமின்றி வகுபடும் எதிரிகளை மட்டும் கொல்லும். வகுத்தல் கணக்கே ஆயுதமாகும் இந்தக் கேமில், எதிரியின் லெவலை வேண்டுமென்றே மாற்றிவிட்டு அடிக்கும் தந்திரங்கள் வரை ரசிகர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கில்கமேஷைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிரியின் தளபதியாக வந்து, தோற்று, ஓடி, மறுபடி வந்து, கடைசியில் ரசிகர்களின் செல்லப்பிள்ளையாகவே ஆகிவிட்ட இந்தக் கோமாளி, தான் தேடியலைந்த எக்ஸ்காலிபர் வாளை ஒருவழியாகக் கையில் எடுத்து நம்மீது ஓங்குவான். விழும் அடி 1. அவன் கையில் இருப்பது எக்ஸ்காலிபூர் என்ற போலி. ஒற்றை இலக்கத்தை வைத்து இவ்வளவு நல்ல நகைச்சுவையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த வாள் பிறகு நமக்கே கிடைக்கும்; யார் எடுத்து அடித்தாலும் 1தான். ஆனால் அந்த வாளின் உள்ளே எழுதப்பட்ட தாக்குவலிமை உண்மையில் அதிகம். புளூ மேஜின் காப்ளின் பஞ்ச் வித்தையை அதோடு பயன்படுத்தினால் அந்த ஒன்றின் தடை விலகி, முழு வலிமையும் எதிரிமேல் இறங்கிவிடும். கதையில் சிரிப்பாக வைத்த ஒரு பொருளை, விதிகளைக் கூர்ந்து பார்ப்பவனுக்குப் புதையலாக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு விளையாட்டுத்தனத்துக்கு நடுவில்தான் காலஃப் சாகிறார். விண்கல்லில் வந்து இறங்கி நினைவிழந்து நிற்கும் கிழவராக அறிமுகமாகி, கதை கணிசமாக நகர்ந்த பிறகே வேற்றுலகத்தின் அரசர் என்று தெரியவரும் அவர், மூர் காட்டில் கதையின் வில்லன் எக்ஸ்டெத்தை ஒற்றையாளாக எதிர்க்கிறார். மற்ற மூவரும் கட்டுண்டு கிடக்கிறார்கள். பேத்தி க்ரைல் நெருப்பு வளையத்துக்குள் மாட்டியிருக்கிறாள். இது வெறும் காட்சி அல்ல, வழக்கமான போர்த்திரையிலேயே நடக்கிறது. எக்ஸ்டெத் அடிக்கிறான், காலஃபின் ஹெச்.பி. இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யம் ஆகிறது. கேமின் தொடக்கத்திலிருந்து பூஜ்யம் என்றால் விழுந்துவிடுவார்கள் என்று நம் கைகளுக்கே பழகிப்போயிருக்கிறது. காலஃப் விழவில்லை. பூஜ்யத்தோடு நிற்கிறார். மறுபடி அவருடைய முறை வருகிறது, மறுபடி அடிக்கிறார். எக்ஸ்டெத்தே திகைத்துப் போகிறான். போர்த்திரையின் கீழ்மூலையில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே கட்டளை கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களை எந்த நீண்ட வசனத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

போர் முடிந்ததும் தோழர்கள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். குணமாக்கும் மந்திரம் போடுகிறார்கள், பலனில்லை. உயிர்ப்பிக்கும் மந்திரம்; பலனில்லை. எல்லாவற்றையும் குணமாக்கும் எலிக்ஸர், வீழ்ந்தவரை எழுப்பும் பீனிக்ஸ் டவுன் என்று நாம் அதுவரை மூட்டையில் சேர்த்துவைத்த அனைத்தையும் அவர்களே எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். எதுவும் வேலை செய்யவில்லை. 1997இல் ஏழாம் பாகம் வந்தபோது, கதையின் நடுவில் கொல்லப்படும் ஏரித்துக்கு ஏன் பீனிக்ஸ் டவுன் போடக்கூடாது என்று உலகெங்கும் கேட்டார்கள், இன்றும் கிண்டலாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, விளையாடுபவர் கேட்பதற்கு முன்பே, இந்தக் கேம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. 1990களின் கடைசி வரை ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வெளிவராததால்தான் மேற்குலகில் பலர் அந்தப் பதிலைக் கேட்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்த்து, கணினியில் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓட்டியதன் புண்ணியத்தில்தான் ஐந்தாம் பாகம் ஜப்பானுக்கு வெளியே பலருக்கு அறிமுகமாயிற்று.

அதோடு நிற்கவில்லை. காலஃபின் ஆற்றல் க்ரைலுக்குள் இறங்குகிறது. அவள் குழுவில் சேர்ந்ததும் மெனுவைத் திறந்தால், நீங்கள் காலஃபுக்குக் கற்றுக்கொடுத்த ஜாப்கள், திறமைகள், லெவல் எல்லாம் அவளிடம் இருக்கின்றன. கிழவரைத் துறவி ஜாப்பில் வளர்த்திருந்தால் சிறுமியும் துறவியாக அடிப்பாள். கதாசிரியரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று இதைச் சொல்லிவிடலாம். ஆட்டத்தின் நடுவில் ஓர் ஆளின் உழைப்பு வீணாகிவிட்டால் விளையாடுபவர் கோபப்படுவார் என்ற நடைமுறைக் கவலையும் அதற்குப் பின்னால் இருந்திருக்கக்கூடும். ஆனால் பரம்பரைச் சொத்து என்பதை ஒரு மெனுவால் இதைவிட நேராகக் காட்ட முடியாது.

ஏழாம் பாகம் இதற்கு நேரெதிரான வழியை எடுத்தது, அதுவும் வலுவான வழிதான். ஏரித் இறந்ததும் அவளிடமிருந்த மெடீரியா என்னும் மந்திரக் கற்கள் மட்டும் நம்மிடம் திரும்பி வருகின்றன. அவளுடைய லெவலும் லிமிட் பிரேக் என்னும் சிறப்புத் தாக்குதலும் போய்விடுகின்றன. மெனக்கெட்டால் அவளுடைய உச்ச லிமிட் பிரேக்கைக்கூட அவள் சாவதற்கு முன்பே பெற்றுவிட முடியும், பெற்றவர்களிடமிருந்து அதையும் சேர்த்துப் பறித்துக்கொள்கிறது. போட்ட முதல் திரும்பாத இழப்பு அது. அவளை மீட்க ரகசிய வழி இருப்பதாக அக்காலத்தில் வதந்திகள் பல கிளம்பியதற்கு அந்த இழப்பே காரணம் என்று நினைக்கிறேன். என்.எச்.கே. வாக்கெடுப்பில் பாத்திரங்களுக்கான பட்டியலில் ஏரித் மூன்றாம் இடத்தில் நின்றாள் என்பதில் வியப்பில்லை.

ஆறாம் பாகத்தைப் பிடித்தவர்களோடு எனக்குச் சண்டை குறைவு. 1994இல் யோஷினோரி கிடாசேவும் ஹிரோயுகி இதோவும் இயக்கிய அந்தக் கேமில் பதினான்கு பேர் நம் அணியில் சேரலாம், நாயகன் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஓபரா காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னை உலுக்கியவை இரண்டு கடிகாரங்கள். மிதக்கும் கண்டம் நொறுங்கும்போது ஆறு நிமிடக் கணக்கு ஓடுகிறது. விளிம்பை அடைந்ததும் குதிக்கவா, காத்திருக்கவா என்று கேட்கும். பதற்றத்தில் குதித்துவிட்டால், நமக்காகப் பின்தங்கிப் போரிட்ட ஷேடோ என்றென்றைக்கும் செத்துப்போவான். கடைசி ஐந்து வினாடிகள் வரை நின்றால் அவன் ஓடிவந்து சேர்ந்துகொள்வான். நட்பைச் சோதிக்க ஒரு கடிகாரம் போதும் என்று முடிவெடுத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்று உலகம் அழிந்த பிறகு. அணியில் ஒருத்தியான செலஸ் ஒரு தனித்தீவில் கண்விழிக்கிறாள்; நோயுற்ற சிட் மட்டுமே அங்கே இருக்கிறார். கடற்கரையில் மீன் பிடித்து அவருக்கு ஊட்ட வேண்டும். வேகமாக நீந்தும் மீன் நல்லது, மந்தமாக மிதப்பது கெட்டது. ஆனால் மந்தமானதைப் பிடிப்பதுதான் எளிது. சிட்டின் ஹெச்.பி. திரையில் எங்கும் தெரியாது, மறைவாகக் குறைந்துகொண்டே இருக்கும். முதல் முறை விளையாடுபவர்களில் பலர் அவரைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். இறந்தால் செலஸ் மலைமுகட்டிலிருந்து கடலில் குதிக்கிறாள், பிழைத்து, பறவையின் காலில் கட்டியிருந்த துணியைக் கண்டு நம்பிக்கை பெறுகிறாள். பிழைத்தால் அவரே தெப்பத்தைக் காட்டி அனுப்பிவைக்கிறார். இரண்டு வழியிலும் கதை நகரும். ஆனால் எந்த மீனை ஊட்டினோம் என்பது நம்மோடு வரும். ஆறாம் பாகத்தை என் பட்டியலில் ஒரு படி கீழே வைப்பதற்கு ஒரே காரணம், எஸ்பர்கள் என்னும் மந்திர உயிர்கள் மூலம் எல்லோரும் எல்லா மந்திரமும் கற்றுவிடுவதால், கதையில் அவ்வளவு வேறுபட்ட பதினான்கு பேரும் போர்க்களத்தில் கடைசியில் ஒருவரைப் போலவே மற்றவரும் ஆகிவிடுகிறார்கள் என்பதுதான்.

ஒன்பதாம் பாகத்தின் அன்பர்கள் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டித்தான் தங்கள் வாதத்தைத் தொடங்குவார்கள். அங்கே திருடன் திருடனே, மந்திரவாதி மந்திரவாதியே. மந்திரவாதிச் சிறுவன் விவி அணியில் இருந்தால் மட்டுமே போர்வீரன் ஸ்டைனரின் வாளில் நெருப்பு ஏறும் என்ற விதி அவர்களின் நட்பை அழகாகச் சொல்கிறது. சகாகுச்சிக்கே அதுதான் மிகவும் பிடித்தமானது என்பது அவர்களின் துருப்புச்சீட்டு. எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் சில ஆண்டுகளே ஆயுள் கொண்டவன் விவி என்ற அந்தக் கதையின் ஆழமான சோகம் எந்த எண்ணிலும் ஏறவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. எட்டாம் பாகத்தில் மந்திரங்கள் கையிருப்புச் சரக்குகள், லெவல் ஏற ஏற எதிரிகளும் ஏறுகிறார்கள். கணக்குப் பிரியர்களுக்குக் கொண்டாட்டம், கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதின்மூன்றாம் பாகம் பதினோராம் அத்தியாயம் வரை நம்மை ஒரே நேர்ப்பாதையில் ஓட்டுகிறது. துரத்தப்படுபவர்களுக்குச் சுற்றிப்பார்க்க நேரம் ஏது என்று அதன் ரசிகர்கள் சொல்வது பாதி நியாயம், பாதி சப்பைக்கட்டு.

பத்தாம் பாகம் முதலிடம் பெற்றதில் எனக்கு வருத்தமில்லை. காதல் கதைக்காகவும், தொடரில் முதன்முறையாகக் குரல் கொடுத்துப் பேசிய பாத்திரங்களுக்காகவும் வாக்களித்தவர்கள் பலர் இருப்பார்கள். நானோ கடைசிப் போருக்காக வாக்களித்திருப்பேன். சின் என்ற பேரழிவை அடக்கப் புனிதயாத்திரை போகும் யூனா, கோயில் கோயிலாக ஏயன் எனப்படும் காவல் தெய்வங்களைப் பெற்றுக்கொண்டு வருகிறாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கச் சொல்லி நம்மிடமே விசைப்பலகையை நீட்டுகிறார்கள். போர்களில் அவற்றை அழைத்துத்தான் பலமுறை உயிர் தப்பியிருப்போம். முடிவில் யூ யெவோன் என்னும் கடைசி எதிரி அவற்றுக்குள் புகுந்துகொள்ளும் என்பதால், நாமே ஒவ்வொன்றாக அழைத்து நாமே கொல்ல வேண்டும். திரையில் மேலே தெரிவது நாம் வைத்த பெயர். அந்தப் போர்களில் அணியினர் அனைவருக்கும் நிரந்தர உயிர்ப்பு வழங்கப்பட்டிருக்கிறது, தோற்கவே முடியாது. சவால் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிட்டு, செய்யத்தான் வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். வெற்றி தோல்வியை எடுத்துவிட்டால் பெரிய எதிரியோடு மோதும் ஒரு பாஸ் போரில் என்ன மிஞ்சும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் பாகத்தை முதலிடத்தில் வைக்கும் நண்பர் ஒருவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். ஹெச்.பி. இவ்வளவுக்குக் கீழே போனால் குணமாக்கு, எதிரி பறந்தால் வில்லை எடு என்று நிபந்தனைகளை அடுக்கிவைக்கும் அதன் கேம்பிட் முறையை விட்டால் அவருக்கு உலகமில்லை. கேம் தானே விளையாடிக்கொள்கிறதே என்பவர்களிடம், விளையாடும்படி எழுதியது யார் என்று கேட்பார். 2002இல் வந்த இணையவழிப் பதினோராம் பாகத்தின் பழையவர்கள் வேறு ரகம். செத்தால் அனுபவப் புள்ளி குறைந்து லெவலே இறங்கிவிடும் அந்தக் கொடுமையை அவர்கள் ஏக்கத்தோடு நினைவுகூர்வார்கள். அந்த அச்சத்தால்தான் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கைவிடாமல் இருந்தார்கள் என்பது அவர்களின் கட்சி.

என் அளவுகோலின்படி மிகத் துணிச்சலான காரியத்தைச் செய்தது பதினான்காம் பாகம். 2010 செப்டம்பரில் வெளியாகிப் பெருந்தோல்வி அடைந்த அந்த இணையக் கேமை நவோகி யோஷிடா பொறுப்பேற்று அடியோடு மாற்றியமைத்தார். பழையதைச் சத்தமில்லாமல் மூடியிருக்கலாம். மாறாக, வானத்தில் டாலமுட் என்ற செந்நிலவு மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. நிலவு உடைந்து பஹமுட் என்னும் பெரும் டிராகன் வெளிப்பட்டு உலகை எரித்தது. 2013 ஆகஸ்ட்டில் புதிய பதிப்பு திறந்தபோது கதைக்குள் ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அன்று போரிட்டவர்களை ஊரார் நன்றியோடு பேசினார்கள், ஆனால் அவர்களின் முகமோ பெயரோ யாருக்கும் நினைவில் இல்லை. பழைய கணக்கோடு திரும்பிவந்த ஆட்டக்காரர்கள்தான் அந்தப் பெயரற்றவர்கள். ஒரு நிறுவனத்தின் சறுக்கலையே ஓர் உலகத்தின் வரலாறாக எழுதிவிட்டார்கள்.

இருந்தும் ஐந்தாம் பாகத்தை நான் விடமாட்டேன். அதற்கு 2009 முதல் ரசிகர்கள் ஆண்டுதோறும் நடத்திவரும் ஒரு சவால் சான்று. காற்று, நீர், நெருப்பு, மண் என்ற நான்கு படிகங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கலில் ஒரு ஜாப் கிடைக்கும். அந்த நான்கை மட்டும் வைத்துக் கேமை முடிக்க வேண்டும். இதன் பெயரில் அறக்காரியத்துக்கு நன்கொடையும் திரட்டுகிறார்கள். நீர்ப்படிகத்தில் பெர்சர்க்கர் விழுந்தவர் பாடு திண்டாட்டம். அது நம் கட்டளைக்குப் பணியாமல் தன்போக்கில் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் முடிக்கிறார்கள். எந்த நான்கு வந்தாலும் ஒரு வழி இருக்கும்படி ஒரு கேமை 1992இலேயே செதுக்கிவைத்திருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்க விரும்புகிறவர் என்னைக் கேட்டால், 2021இல் வெளியான பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பில் ஐந்தாம் பாகத்தை எடுக்கச் சொல்வேன். பழைய தோற்றம் பிடிக்காதென்றால் பத்தாம் பாகம். எதில் தொடங்கினாலும் பரவாயில்லை. காலஃபுக்கு மட்டும் நல்ல ஜாப்பாகப் பார்த்துக் கற்றுக்கொடுங்கள், பின்னால் தேவைப்படும்.